சிலோன் டிவியில் வந்த மிருக டாக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் கடலோரத்தில் எண்பதுகளில் சிறுபிள்ளையாக இருந்தவர்கள் எந்தக் கல்யாண வீட்டில் கூடினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். யாராவது ஒருவர் "அந்த டாக்டர் படம்..." என்று ஆரம்பிப்பார், பந்தி முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை இருந்தது. ஏரியல் கட்டப் போன வீடுகளில் எல்லாம் அந்தப் படத்தை அரைகுறையாகப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, கேள்விகள் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

"மிருகங்களோட பேசுவாரு, உசரமா தொப்பி போட்டிருப்பாரு, கப்பல்ல போவாரு. அந்தப் பொம்மைப் படத்துக்குப் பேரு என்ன?"

'தொஸ்தர ஹொந்தஹித'. இலங்கையின் ரூபவாஹினியில் எண்பதுகளில் சிங்களத்தில் வந்த கார்ட்டூன் தொடர். நல்ல மனசுக்கார டாக்டர் என்று பொருள். எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'மிருக டாக்டர்' என்றால் எல்லோருக்கும் புரியும். டிவிக்கும் ரூபவாஹினி என்ற பெயர் பெரியவர்கள் வாயில் வராது, 'சிலோன் டிவி'தான்.

"அப்ப அது சிங்களப் படமா? ஆளு வெள்ளைக்காரன் மாதிரில்ல இருந்தாரு?"

வெள்ளைக்காரர்தான். டாக்டர் டூலிட்டில் என்று பெயர். ஹியூ லாஃப்டிங் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ஆள். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த லாஃப்டிங், வீட்டிலிருந்த தன் பிள்ளைகளுக்குப் போரைப் பற்றி எழுத மனமில்லாமல், படம் வரைந்து கதை எழுதி அனுப்பினார். போரில் அடிபட்ட மனிதனுக்கு மருத்துவம் உண்டு, அடிபட்ட குதிரைக்குத் துப்பாக்கிக் குண்டுதான் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மிருகங்களின் மொழி தெரிந்த வைத்தியர் ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. முதல் புத்தகம் 1920-இல் வெளியானது. அடுத்த புத்தகத்துக்கு 1923-இல் அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் கிடைத்தது.

புத்தகத்தைக் கார்ட்டூனாக்கியது அமெரிக்கர்கள். 1970-இல் அங்கே என்பிசி தொலைக்காட்சியில் வந்தது, மொத்தம் 17 கதைகள். அதை வாங்கிச் சிங்களம் பேச வைத்தது ரூபவாஹினி. ஆக, இங்கிலாந்துக் கதை, அமெரிக்கப் படம், சிங்களப் பேச்சு, பார்த்தது தமிழ்ப் பிள்ளைகள். இதை எந்த ஊர்ப் படம் என்று சொல்வது? நான் சிலோன் படம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

"சிங்களத்துல குரல் கொடுத்தது யாரு? அவ்வளவு நல்லா இருந்துச்சே!"

அந்த வேலைக்குத் தலைமை ஏற்றவர் டைட்டஸ் தொட்டவத்த. சினிமாக்காரர். 1956-இல் வந்து சிங்கள சினிமாவின் போக்கையே மாற்றிய 'ரேகாவ' படத்துக்குப் படத்தொகுப்பு செய்தவர் அவர். பிறகு படங்களும் இயக்கினார். ரூபவாஹினி வந்ததும் வெளிநாட்டுத் தொடர்களைச் சிங்களமாக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டார். 2011-இல் காலமானார்.

வாயசைப்புக்கு வார்த்தை பொருத்துவதோடு அவர் நிற்கவில்லை. பேச்சை, கேலியை, பாட்டை எல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகளின் வாய்க்கு ஏற்றபடி புதிதாக எழுத வைத்தார். சிங்களம் தெரியாத நமக்கே அந்தத் துள்ளல் காதில் விழுந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தமிழில் வந்த எத்தனையோ டப்பிங் கார்ட்டூன்களில் அந்தத் துள்ளல் இல்லை என்பது என் அபிப்பிராயம். என் மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

"அந்தக் காலத்துல கேபிளே கிடையாது. சிலோன் டிவி நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு?"

வெறும் காற்றில் வந்தது. ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ஆம் தேதி ஜப்பான் அரசின் நிதியுதவியோடு தொடங்கியது. அப்போது நமக்கு அருகில் வேறு நிலையமே இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே வந்துவிட்டாலும் அதன் அலை ராமநாதபுரம் வரை எட்டாது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. எது முதலில் வரும், சொல்லுங்கள்.

அவர்கள் கோபுரம் வைத்த இடமும் அப்படி. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிதுருதலாகல என்றொரு மலை, 2,524 மீட்டர், இலங்கையிலேயே உயரமானது. அதன் உச்சியில் ஒரு நிலையம். இது போக இலங்கையின் வடக்கே வன்னியில் மாங்குளத்துக்குப் பக்கம் கொக்காவிலில் ஒரு மறு ஒளிபரப்பு நிலையம். நமக்கும் அவற்றுக்கும் நடுவே அலையை மறைக்கும் உயரத்தில் மலை கிடையாது, பெரும்பகுதி கடலும் தாழ்ந்த நிலமும்தான். இன்னொரு அதிர்ஷ்டம், இந்தியாவும் இலங்கையும் 'பால்' (PAL) என்ற ஒரே ஒளிபரப்பு முறையைப் பயன்படுத்தின. அதனால் மதுரையில் வாங்கிய டயனோரா, சாலிடேர் டிவிப் பெட்டிகள் எந்த மாற்றமும் இல்லாமல் சிலோன் படத்தைக் காட்டின. முறை வேறாக இருந்திருந்தால் படம் உருண்டுகொண்டே இருந்திருக்கும், ஒலி வந்திருக்காது.

"எங்க வீட்டு ஏரியல் நேர் கிழக்கே பாத்து இருக்கும். மாமா வீட்டுல தென்கிழக்கு. ரெண்டுலயும் படம் வந்துச்சு. எது சரி?"

இரண்டும் சரி. பாம்பன், ராமேசுவரம் பக்கத்திலிருந்து கொக்காவில் ஏறக்குறைய நேர் கிழக்கு, பிதுருதலாகல தென்கிழக்கு. யாருக்கு எது எடுத்ததோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் கடையில் காந்தமுள் எல்லாம் கிடையாது. கீழே ஒருவர் டிவி முன்னால் உட்காருவார், மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்புவார். "வருதா?" "இல்ல!" "இப்ப?" "ஆள் தெரியுது... நில்லு, நில்லு, அப்படியே கட்டு!" அவ்வளவுதான் விஞ்ஞானம்.

பிறகு கொடைக்கானல் கோபுரம் வந்து தூர்தர்ஷன் எடுக்க ஆரம்பித்ததும்தான் குடும்பங்களில் சண்டை தொடங்கியது. கொடைக்கானல் நமக்கு வடமேற்கு, சிலோனுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரே ஏரியல் உள்ள வீட்டில் அப்பாவுக்குச் செய்தி வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு டாக்டர் போய்விடுவார். வசதி இருந்தவர்கள் இரண்டு ஏரியல் வைத்தார்கள். மற்ற வீடுகளில் சவுக்குக் கம்பத்தின் அடியில் ஒரு குறுக்குக்கட்டை கட்டி, வாசலிலிருந்தே திருப்புகிற மாதிரி செய்துகொண்டார்கள்.

"சில ராத்திரி படம் பளிங்கு மாதிரி இருக்கும். மறுநாளே புள்ளி புள்ளியா மழை பெய்யும். ஏரியல் கோளாறா?"

பாதி கோளாறு, பாதி வானம். முதலில் வானம். டிவி அலை நேர்கோட்டில் போகும் இனம். பூமி வளைந்திருப்பதால் எத்தனை உயரமான கோபுரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பிதுருதலாகல உயரத்துக்கு அந்த எல்லை 200 கிலோமீட்டர் சொச்சம். ராமேசுவரம் அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். கணக்குப்படி வரவே கூடாது. ஆனால் காற்று அடங்கிய நாட்களில் கடலை ஒட்டி ஈரக் காற்று ஓர் அடுக்காகப் படியும், அதற்கு மேலே வெப்பமான உலர்ந்த காற்று நிற்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து வளைந்து கடல் மீதே ஓடிவரும். அந்த அடுக்கு கலைந்தால் படமும் கலையும். கடல் தண்ணீர் சலனமில்லாமல் கிடந்த அன்று ராத்திரி படம் நன்றாக வரும் என்று கடலுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அநேகமாகச் சரியாகவும் இருக்கும்.

இனி கோளாறு. கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் கம்பம் தானாகத் திரும்பிக்கொள்ளும். உப்புக்காற்றில் அலுமினியம் வெளுத்துப் பூத்துவிடும். பட்டை ஒயர் சேரும் திருகு பச்சையாகிக் கெட்டிப்பட்டுவிடும். அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துளி கிரீஸ் தடவி முறுக்கினாலே பாதி வீடுகளில் படம் திரும்பி வந்துவிடும். இதற்கு நாங்கள் காசும் வாங்கினோம். கருவாடு காயப்போடும் மொட்டைமாடி என்றால் கேட்கவே வேண்டாம், காக்கைக் கூட்டம் வந்து உட்கார ஏரியலைத் தவிர வேறு இடம் இருக்காது. வளைந்த குழாயை நிமிர்த்துவதற்கென்றே மாதம் ஒருமுறை ஏற வேண்டிய வீடுகள் இருந்தன.

"டாக்டர் கோட்டு நீலமா பச்சையா? எனக்கும் எங்க அக்காவுக்கும் பந்தயம்."

நிலையம் ஆரம்பம் முதலே கலரில்தான் ஒளிபரப்பியது. உங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியாக இருந்தால் இருவரும் பந்தயத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கண்ணாடிக்கு முன்னால் மாட்ட நீலம், பச்சை கலந்த பிளாஸ்டிக் தாள் விற்றார்கள். மேலே வானம், கீழே புல். டாக்டர் கடலில் போனாலும் கப்பலுக்கு அடியில் புல்தான்.

"வில்லன் ஒருத்தன் துரத்திக்கிட்டே வருவானே, அவன் யாரு? எதுக்குத் துரத்துறான்?"

சாம் ஸ்கர்வி, கடற்கொள்ளைக்காரன். மிருகங்களோடு பேசும் ரகசியத்தை டாக்டரிடமிருந்து கறந்துவிட்டால் உலகத்தில் உள்ள எல்லா மிருகங்களையும் ஏவி உலகத்தையே பிடித்துவிடலாம் என்பது அவன் திட்டம். டாக்டரோ அடுத்த தீவில் எந்த மிருகத்துக்குப் பல்வலி என்று போய்க்கொண்டிருப்பார். கூடவே டாமி ஸ்டபின்ஸ் என்ற பையன். நடுநடுவே பாட்டுப் பாடும் வெட்டுக்கிளிகளும் உண்டு. "பாட்டு பாடுற பூச்சி" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

படகுக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொடரில் ஒரு தனிக் குறை இருந்தது. பாய் ஒரு பக்கம் காற்று வாங்கும், கொடி இன்னொரு பக்கம் பறக்கும். நங்கூரம் தூக்காமலே கப்பல் கிளம்பிவிடும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு பையன் எழுந்து நின்று இதைச் சொல்வான், பின்னாலிருந்து தலையில் ஒரு தட்டு விழும். வில்லன் பக்கம் சேர்ந்துகொண்ட பையன்களும் உண்டு. அவன்தான் கப்பலை ஒழுங்காக ஓட்டுகிறானாம்.

"ரெண்டு பக்கமும் தலை உள்ள குதிரை ஒண்ணு பாத்ததா ஞாபகம். என் வீட்டுக்காரர் மதுரை. கனவு கண்டிருப்பன்னு சிரிக்கிறாரு."

கனவு இல்லை. லாஃப்டிங்கின் 1920 புத்தகத்திலேயே அந்த மிருகம் இருக்கிறது. முன்னால் ஒரு தலை, வால் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு தலை. ஒரு தலை தூங்கினால் இன்னொன்று விழித்திருக்கும், அதனால் யாராலும் பிடிக்க முடியாது. ஒரு வாயால் சாப்பிட்டுக்கொண்டே மறுவாயால் பேசும், ஆகவே சாப்பிடும்போது பேசுகிற மரியாதைக்குறைவும் இல்லை என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். 1967-இல் வந்த ஆங்கிலச் சினிமாவிலும் அது வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

"எடி மர்பி நடிச்ச படம்தானே இது?"

அதே பெயர், அதே மூலம். ஆனால் அது 1998-இல் வந்த சினிமா, கதையை அமெரிக்காவுக்கு மாற்றிக்கொண்டார்கள். 2020-இல் ராபர்ட் டௌனி ஜூனியர் நடித்ததும் வேறு. நம் ஆள் கார்ட்டூன்.

"மோக்லியும் சிலோன் டிவியில வந்ததுதானே? டோரா?"

இல்லை, இரண்டும் வேறு வேறு காலம். மோக்லி 1989-இல் ஜப்பானில் எடுத்த தொடர், 52 பகுதிகள். நாம் பார்த்தது தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில், இந்தியில். டோரா அதற்கும் பிறகு, 2007-இல் சுட்டி டிவி வந்தபின் தமிழ் பேசியவள். 'குள்ளநரி திருடக் கூடாது' என்று கத்தி வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் ஏரியல் திருப்பியதாகக் கதை விடக் கூடாது.

மிருக டாக்டரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள நியாயம் உள்ளவை இரண்டுதான். ஒன்று 'ஹா ஹா ஹரி ஹாவா', கேரட் தின்னும் பக்ஸ் பன்னி முயலைத் தொட்டவத்த சிங்களம் பேச வைத்தது. இன்னொன்று 'ஓஷின்'. அது பிள்ளைகள் படமே இல்லை, ஜப்பானியக் குடும்பத் தொடர், 297 பகுதிகள். அம்மாக்களும் அத்தைமார்களும் பார்த்து அழுதது. பனியில் நடந்துபோகும் அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துவிட்டு அதுவும் நம் படம்தான் என்று நாமாக நினைத்துக்கொண்டோம்.

"சிலோன் டிவியில காட்டுற மணி நம்ம மணியை விட அரை மணி முன்னாடி ஓடும்னு நான் சொல்றேன். எங்க காக்கா ஒரே மணிதான்னு சாதிக்கிறாங்க."

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி, அங்கே காக்கா என்றால் அண்ணன். காக்கா சொல்வது எண்பதுகளுக்குச் சரி. தம்பி, நீங்கள் வயதில் இளையவர், அதனால் நீங்களும் சரி. இரண்டு நாட்டுக்கும் ஒரே மணியாகத்தான் இருந்தது. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, அதே வருடம் அக்டோபரில் அதை அரை மணி நேரமாகக் குறைத்தது. 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்து, பிறகு பழையபடி நம் மணிக்கே திரும்பியது. அரை மணி வித்தியாசம் ஞாபகம் இருக்கிறவர்கள் தொண்ணூறுகளின் பின்பாதியில் பார்த்தவர்கள். வயதை மறைப்பவர்களைக் கண்டுபிடிக்க இது நல்ல கேள்வி.

"ஒரு வார்த்தை சிங்களம் தெரியாது. அப்புறம் என்னத்தப் புரிஞ்சு பாத்தீங்க?"

மதுரை, திருச்சி மருமக்களும் எங்கள் பிள்ளைகளும் கேட்பது. கார்ட்டூனில் பாதி கண்ணாலேயே புரியும். ஓடுகிறான், விழுகிறான், கிளி திட்டுகிறது, அதற்கெல்லாம் மொழி வேண்டாம். கஷ்டம் எங்கே என்றால், டாக்டர் உட்கார்ந்து ஏதோ ஒரு திமிங்கிலத்தோடு நீளமாகப் பேசிக்கொண்டிருப்பார். அங்கேதான் ஆள் தேவைப்படும்.

ஆளுக்கு நம் பக்கம் பஞ்சமே கிடையாது. கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பியவர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் வந்தவர்கள், மண்டபம் அகதி முகாமில் இருந்தவர்கள் என்று தெருவுக்கு ஒருவராவது சிங்களம் தெரிந்தவர் இருப்பார். எங்கள் தெருவில் கொழும்பு புறக்கோட்டையில் மளிகைக் கடையில் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவர். தாத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஈசிச் சேரில் சாய்ந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, படம் ஓட ஓடத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். எச்சில் துப்ப எழுந்து போன நேரத்துக்குக் கதை கிடையாது, நாங்களே ஏதாவது போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்னதெல்லாம் டாக்டர் சொன்னதுதானா என்பது தனி விஷயம். "ராத்திரி கஞ்சி குடிக்காத பிள்ளைகிட்ட குரங்கு பேசாதாம்" என்று ஒருநாள் சொன்னார். "கிளி சொல்லுது, கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும்னு" என்றார் இன்னொரு நாள், வீட்டுக்காரரைக் கடைக்கண்ணால் பார்த்தபடி. பெரியவர்கள் அங்கே மட்டும் சிரித்தார்கள்.

"எங்க அண்ணன் சொல்ற கதை வேற, எங்க ராத்தா (அக்கா) சொல்ற கதை வேற, நான் பாத்தது வேற. யாரோடது அசல்?"

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் இதுதான். முன்னே சொன்னவற்றைச் சேர்த்துப் பாருங்கள். மொத்தமே 17 கதைகள். அதையே மறுபடி மறுபடி போட்டார்கள். நடுவில் கரண்ட் போகும். அடுக்கு கலைந்து புள்ளி விழும். தெருவுக்குத் தெரு வேறொரு தாத்தா, வேறொரு வெற்றிலை. ஒரே கதையை ஏர்வாடிக்காரர் முன்பாதி பார்த்திருப்பார், தொண்டிக்காரர் பின்பாதி பார்த்திருப்பார். மிச்சத்தை அவரவர் ஊரில் கட்டிக்கொண்டார்கள். வாலிநோக்கத்துக்காரர் ஒருவர் திமிங்கிலம் செத்துப்போனதாகச் சத்தியம் செய்கிறார். தேவிபட்டினத்துக்காரர் அது குட்டி போட்டதாகச் சொல்கிறார்.

அசல் வேண்டும் என்றால் அமெரிக்கப் படத்தைத் தேடிப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் "இவ்வளவுதானா?" என்று முகம் தொங்கிப் போனார்கள். படம் சுமார்தான். செலவைக் குறைத்து எடுத்தது, பல இடங்களில் வாய் மட்டும் அசையும், உடம்பு அப்படியே நிற்கும். நம் ஞாபகத்தில் இருக்கும் டாக்டரில் பாதிக்கு மேல் நம் தெரு செய்தது. ஆகவே அண்ணன் சொல்வதையும் ராத்தா சொல்வதையும் அடித்துத் திருத்தாதீர்கள். எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த நேரத்துல அங்க என்ன நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு தெரியும்ல? அவங்க டிவிய ரசிச்சேன்னு சொல்ல வெக்கமா இல்ல?"

இப்படி நேராகக் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நம் கரைக்குத்தான் படகு படகாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கட்டிய துணியோடு வந்தவர்களுக்கு எங்கள் வீடுகளிலிருந்து சோறு போயிற்று. கடலுக்குப் போன நம் ஆட்கள் சுடப்பட்டதும் நடந்தது. அந்தப் பெட்டிதான் அவர்கள் அரசாங்கத்தின் செய்தியையும் சொன்னது. செய்தி வந்தால் பெரியவர்கள் ஒலியைக் கூட்டச் சொல்வார்கள், சில நாள் பாதியிலேயே எழுந்துபோய் அணைத்துவிடுவார்கள். அணைத்த நாளில் டாக்டரும் இல்லை.

ஏழு வயதில் இதையெல்லாம் பிரித்துப் பார்த்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. மண்டபம் முகாமிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு பையனுக்கு அந்தத் தொடரின் பாட்டு முழுதாகத் தெரியும். ஊரில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு பாடினானாம். நாங்கள் கேட்டால் பாடுவான். அவன் அம்மா பக்கத்தில் இருந்தால் பாட மாட்டான். அந்த அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது, அவர் பக்கம் முழு நியாயம் இருந்தது. எனக்கு அந்தப் படம் பிடிக்கும் என்று இப்போதும் சொல்வேன். அந்த அம்மா முன்னால் சொல்ல மாட்டேன்.

"தொண்ணூறுக்கு அப்புறம் படம் ரொம்ப மங்கிப் போச்சே. டிவி பழசானதாலயா?"

டிவி பழசானது ஒரு காரணம். பெரிய காரணம் கொக்காவில். 1990 ஜூலையில் நடந்த சண்டையில் அந்த நிலையம் அழிந்தது. கிழக்கே பார்த்து ஏரியல் வைத்திருந்தவர்களுக்கு அதோடு போயிற்று, தென்கிழக்குக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் ஓடியது. கொக்காவிலில் திரும்பக் கோபுரம் எழுந்தது 2011-இல், 174 மீட்டரில். அதற்குள் இங்கே பார்க்க ஆள் இல்லை. 1993-இல் சன் டிவி வந்தது, தெருத்தெருவாகக் கேபிள் ஒயர் ஓடியது. ராமேசுவரத்தில் தூர்தர்ஷனுக்கு 323 மீட்டர் உயரத்தில் கோபுரமும் நின்றது. சிலோன் பக்கம் ஏரியலைத் திருப்ப யாருக்கும் வேலை இல்லாமல் போனது. எங்கள் கடையும் கேபிள் இணைப்புக்கு மாறியது. வருமானம் கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இப்ப எங்க பாக்கலாம்?"

யூடியூபில் சிங்களப் பெயரைச் சிங்கள எழுத்தில் தேடினால் துண்டு துண்டாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் டாக்டர் டூலிட்டில், 1970 என்று தேடுங்கள். வருடம் போடாவிட்டால் எடி மர்பி வந்து நிற்பார்.

"என் பொண்ணுக்கு எட்டு வயசு. புத்தகம் வாங்கிக் குடுக்கலாமா?"

வாங்கலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். லாஃப்டிங் மிருகங்களிடம் காட்டிய கரிசனத்தை ஆப்பிரிக்க மனிதர்களிடம் காட்டவில்லை. முதல் புத்தகத்தில் ஆப்பிரிக்க இளவரசன் ஒருவன் தன் முகத்தை வெள்ளையாக்கச் சொல்லிக் கெஞ்சுவதாக ஒரு பகுதி வரும். கறுப்பு நிறப் பிள்ளை கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. 1980-களின் இறுதியில் வந்த திருத்திய பதிப்புகளில் அந்தப் பகுதியை மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. முதல் சில பக்கங்கள் மெதுவாகத்தான் போகும், பிள்ளை மூடி வைத்துவிடக்கூடும். பொலினீசியா என்ற கிழட்டுக் கிளி டாக்டருக்கு மிருக மொழி சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்து நீங்களே சத்தமாக வாசித்துக் காட்ட ஆரம்பியுங்கள். ஆங்கிலத்தில் வாசித்து, நடுவே தமிழில் உங்கள் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். கஞ்சி விஷயத்தையும் சேர்த்துவிடுங்கள், என் வீட்டில் அது கொஞ்ச நாள் வேலை செய்தது.